நிமிர்ந்து நின்ற ஆறாம் மணி

சென்ற மாதம் எங்கள் வட்டார மணியடிப்போரின் செய்திமடல் மின்னஞ்சலில் வந்தது. அதில் மூன்று செய்திகள். ஒரு கிறிஸ்தவக் கோயிலில் அயலவர்களின் முறைப்பாடு பொறுக்க முடியாமல் மணிகளின் நாக்கைக் கட்டிவிட்டு, கணினி எழுப்பும் ஓசையைக் காதுக்குள் கேட்டுப் பழகுகிறார்களாம். உட்பகுதி ஊர் ஒன்றில் கயிறு பிடிக்க ஆள் போதவில்லையாம், பழக விரும்புகிறவர்கள் வரலாம், தேநீர் உண்டு. மூன்றாவது செய்தி ஒரு விதி. இனிமேல் எந்தக் கோபுரத்திலும் மணியை நிமிர்த்தியபடி விட்டுவிட்டு யாரும் வீட்டுக்குப் போகக் கூடாது.

மடலைத் தயாரிக்கும் எமிலி நல்ல பிள்ளை. அந்த விதிக்கு என்னுடைய பழைய வேலை ஒன்றுதான் காரணம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். என்ன நடந்தது என்று அடுத்த மடலுக்கு எழுதித் தரமுடியுமா என்று கேட்டாள். எழுதிக் கொடுத்தேன். ஊன்றுகட்டை முறிந்தது, ஒருவருக்கும் காயமில்லை. ஆங்கிலத்தில் எனக்கு அவ்வளவுதான் வந்தது. அதில் முதலாவது முழு உண்மை. இரண்டாவதைப் பற்றித்தான் இன்றுவரை எனக்குச் சந்தேகம். மிச்சத்தை இங்கே எழுதுகிறேன். என் முதலாளி நோர்மன் உயிரோடு இருந்திருந்தால் இதற்கும் விட்டிருக்க மாட்டார்.

யாழ்ப்பாணத்தில் இயந்திரத் தொழில்நுட்பம் படித்துவிட்டு சிட்னிக்கு வந்தவள் நான். பல வருடங்கள் ரயில் பெட்டிகளுக்குச் சில்லு மாட்டும் தொழிற்சாலையில் இருந்தேன். அதை மூடியபோது ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. கோயில் மணிகளைத் தொங்கவிடவும் திருத்தவும் ஆள் தேவை. ஒரு கொட்டகை, ஒரு வான், ஒரு கிழவர், அவ்வளவுதான் அந்த நிறுவனம். அந்தக் கிழவர்தான் நோர்மன். நான் கொண்டுபோன சான்றிதழ்களை அவர் பார்க்கவேயில்லை. "கைகளைக் காட்டு" என்றார். காட்டினேன். சின்னவிரலில் தொடங்கி ஒவ்வொரு விரலையும் தன் விரலால் தொட்டுக்கொண்டே போனார். அவருடைய இடது கையில் இரண்டு விரல்கள் இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். "எல்லாம் இருக்கிறது. திங்கட்கிழமை வா" என்றார்.

என் கணவர் சிவத்துக்கு இது பெரிய பகிடி. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவார். "ஹெலன்ஸ்பர்க் பெருமாள் கோயிலுக்கு வருசத்தில ரெண்டு தரம் போறதுக்கு இவவுக்குப் பஞ்சி. வேதக்கோயில் மணிக்கெண்டா விடியவே வெளிக்கிட்டிடுவா." நானும் சும்மா இருப்பதில்லை. "உங்கட கோயில் மணிக்கு ஏதும் நடந்தாலும் என்னைத்தான் கூப்பிடுவினம், பாருங்கோ" என்பேன். ஒருவரும் கூப்பிடவில்லை.

இந்த மணிகளைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் பின்னால் நடந்தது விளங்கும். ஒவ்வொரு மணியும் ஆளுயரச் சில்லு ஒன்றோடு பூட்டப்பட்டிருக்கும். அந்தச் சில்லைச் சுற்றிவரும் கயிறு தரையிலுள்ள துளை வழியாகக் கீழே இறங்கும். கீழ்த் தளத்தில் கயிற்று அறை. அங்கே எட்டுப் பேர் வட்டமாக நின்று, எட்டு மணிகளை ஒன்றன்பின் ஒன்றாக, வரிசையை மாற்றி மாற்றி அடிப்பார்கள். தொடங்குமுன் ஒவ்வொருவரும் தன் மணியை ஊஞ்சலைப்போல மெல்ல மெல்ல உயர ஆட்டி, வாய் வானத்தைப் பார்க்கும்படி நிமிர்த்தி நிறுத்துவார். அது அப்பால் கவிழ்ந்துவிடாமல் ஒரு மரக்கட்டை தாங்கிக்கொள்ளும். அதைத்தான் ஊன்றுகட்டை என்று எழுதினேன். அடித்து முடிந்ததும் மணியை ஆட்டி ஆட்டி இறக்கிவிடவேண்டும். இறங்கிய மணி சாது. நிமிர்ந்து நிற்கும் மணியின் கயிற்றைக் கீழேயிருந்து ஒரு குழந்தை இழுத்தாலும் போதும், அறுநூறு எழுநூறு கிலோ வெண்கலம் ஒரு சுற்றுச் சுற்றிவரும். நோர்மனின் இரண்டு விரல்களும் அப்படிப் போனவைதான்.

அதனால் அவருடைய ஒழுங்குகள் கடுமையானவை. மேலே ஏறுமுன் எட்டு மணியும் இறங்கியிருக்க வேண்டும். கயிற்று அறையைப் பூட்டித் திறப்பைத் தன் பையில் போட்டுக்கொள்வார். தளக்கதவைத் தூக்குமுன் கேட்பார், "கை எங்கே?" மணிச் சட்டத்துக்குள் குனியுமுன் கேட்பார், "கை எங்கே?" வேலை முடிந்து கீழே இறங்குமுன், மணி அறைக்குள்ளேயே வைத்து என் கைகளை நீட்டச் சொல்லி, சின்னவிரலில் தொடங்கி ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்பார். எனக்கு முதலில் சிரிப்பும் பிறகு எரிச்சலும் வந்தன. கடைசியில் அது இல்லாமல் ஏணியில் கால் வைக்க மனம் வராமல் போய்விட்டது. இதை வெளியார் யாரும் கண்டதில்லை. எங்கள் இருவரோடு மணிகள் மட்டுமே இருந்தன.

இன்னொன்று, மேலே சத்தமாகப் பேசக் கூடாது. மணிகளுக்கு நடுவே வாய் திறந்தால் அவை திருப்பி முனகும். ஒவ்வொரு மணியும் தனக்குப் பிடித்த ஒரு சுரத்தை உங்கள் குரலிலிருந்து எடுத்து வைத்துக்கொள்ளும். நீங்கள் பேச்சை நிறுத்தியபிறகும் அது கொஞ்ச நேரம் இருட்டுக்குள் கேட்டுக்கொண்டிருக்கும். முதல் நாள் நான் தும்மிவிட்டு அதைக் கேட்டு ஏணிவரை ஓடினேன். நோர்மன் சிரிக்கவில்லை. "ஒவ்வொரு சத்தத்துக்கும் ஓர் ஆணி இருக்கும். தேடிக் கண்டுபிடி" என்றார். அதுதான் அவருடைய வேதம். உட்பகுதி ஊர் ஒன்றில் மாலையானால் கோபுரம் அழுகிறது என்று சனங்கள் கோயிலுக்கு வரவே பயந்திருந்தார்கள். இரண்டு மாலை கோபுரத்துக்குள் குந்தியிருந்து, தூரத்தில் சரக்கு ரயில் பாலத்தில் ஏறும்போது பெரிய மணி அதிர்வதைக் கண்டுபிடித்தார். அதன் அடியில் ஒரு துண்டுத் தோலை வைத்தார். கோபுரம் அழுகையை நிறுத்திவிட்டது.

இனி தாமஸ் அங்கிளின் கதை. ஈப்போவில் பிறந்த மலேசியத் தமிழர். மெல்பேர்னுக்குப் படிக்க வந்த இடத்தில் மணியடிக்கப் பழகி, பின்னர் சிட்னிக்கு வந்து கணக்காளராக இருந்து ஓய்வு பெற்றவர். சிட்னியின் பென்டில் ஹில் பகுதியிலிருந்து காரில் கொஞ்ச நேரத்தில் போகக்கூடிய ஒரு பழைய கற்கோயிலில் ஆறாம் மணி அவருடையது. வேறு எவரும் அதைப் பிடிப்பதில்லை. அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. கயிற்றை இழுத்து அடிக்கும் அடி சரியாக விழும், கயிற்றை விட்டுப் பிடிக்கும் மறு அடி ஒரு சொட்டுத் தயங்கி விழும். மற்ற ஏழு பேரும் அதை வைத்துக் கேலி செய்வார்கள். கோபுரத்துக்கு வெளியே தெருவில் நின்றே தாமஸ் வந்திருக்கிறார் என்று சொல்லிவிடலாம்.

ஒரு ஞாயிறு காலை ஆராதனைக்கு அடித்து, மணியை நிமிர்த்தி நிறுத்திவிட்டு, பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தவர் சரிந்துவிட்டார். மூளையில் இரத்தக் கசிவு. அம்புலன்ஸ் வந்தது. மற்றவர்கள் தங்கள் மணிகளை இறக்கினார்கள். ஆறாம் மணியை ஒருவரும் தொடவில்லை. மனம் வரவில்லை என்று பிறகு சொன்னார்கள்.

அந்த வாரமே எங்களுக்கு அங்கே வேலை. மூன்றாம் மணியைத் தாங்கும் இரும்பு விட்டத்தில் ஆணிகள் தேய்ந்திருந்தன. சனிக்கிழமை வட்டாரத்துக் கோபுரங்களின் ஆட்களெல்லாம் கூடி அடிக்கும் நாள். தாமஸ் அங்கிள்தான் மாதக்கணக்காக ஓடியாடி அதை ஒழுங்கு செய்திருந்தார். மூன்றாம் மணியைத் திருத்தாவிட்டால் கோபுரத்தைப் பூட்டிவிடுவார்கள்.

நாங்கள் போனபோது கயிற்று அறையில் அவருடைய மனைவி கிரேஸ் அன்ரி இருந்தார். அதே கதிரையில், ஆறாம் மணியின் கயிற்றுக்குக் கீழே, மடியில் கைப்பையோடு. நோர்மன் தொப்பியைக் கழற்றிவிட்டு, வழக்கம்போல முதலில் நிமிர்ந்த மணியை இறக்கக் கயிற்றை நோக்கிப் போனார். அன்ரி எழுந்து குறுக்கே நின்றார். என்னைப் பார்த்துத் தமிழில் பேசினார்.

"வதனி, நீ சொல்லு அவருகிட்ட. அந்த மணிய தொட வேணாம்னு சொல்லு."

"அன்ரி, மேல வேலை செய்யேக்க நிமிர்ந்த மணி இருக்கக் கூடாது. அது ஆபத்து."

"எனக்குத் தெரியும்மா. நாப்பது வருசமா மணிக்காரரோட குடும்பம் நடத்துறேன், தெரியாதா? அவரு நிறுத்திட்டுப் போனது அது. அவருதான் வந்து இறக்கணும். வேற யாராச்சும் இறக்குனா..." அவர் வசனத்தை முடிக்கவில்லை. "டாக்டர் என்னா சொன்னாருன்னு நீ கேக்கல இல்ல? கேக்காத."

நான் ஆங்கிலத்தில் சொன்னேன். நோர்மன் தொப்பியைத் திரும்பப் போட்டுக்கொண்டு கயிற்றைவிட்டு விலகினார். அவரோடு வேலை செய்த காலமெல்லாம் அந்த ஒரு விதியில் அவர் இளகி நான் கண்டதில்லை. அன்றைக்கு இளகினார். முதலில் தனியே மேலே ஏறி ஆறாம் மணியின் சில்லைச் சட்டத்தோடு பட்டி போட்டு இறுக்கிக் கட்டினார். ஊன்றுகட்டையைத் தட்டித் தட்டிக் காது கொடுத்துப் பார்த்தார். அன்ரி ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டதும் கயிற்று அறையைப் பூட்டித் திறப்பைப் பையில் போட்டார். ஏணியடியில் என்னிடம் ஒருமுறைக்கு மேல் கேட்டார், கை எங்கே என்று.

அந்த நாளின் வெக்கை எனக்கு இன்னும் தோலில் இருக்கிறது. மணி அறைக்குள் தகரக் கொட்டகைபோல அனல். ஏழு மணிகள் தலைகவிழ்ந்து தொங்க, ஆறாவது மட்டும் வாயைப் பிளந்துகொண்டு மேலே பார்த்தபடி நின்றது. அதன் பக்கம் முதுகைக் காட்ட எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் மூன்றாம் மணியின் கீழ் ஆணியை எட்டுவதற்கு ஒரே வழிதான் இருந்தது. விட்டத்தில் குப்புறப் படுத்து, ஆறாம் மணி சுழலுவதற்காகச் சட்டத்தில் விட்டிருந்த குழிக்குள்ளால் வலது கையைத் தோள்வரை விடவேண்டும். ஸ்பானரால் ஆணியைப் பிடித்துக்கொண்டேன். ஒரு வளையம் பொருந்தவில்லை. நோர்மன் வேறு எடுக்க வானுக்கு இறங்கினார்.

பின்னேரம் தெற்குக் காற்று வரும் என்று வானொலியில் சொல்லியிருந்தார்கள். சிட்னிக்காரருக்கு அது தெரியும், அனல் நாளில் ஒரு நிமிடத்தில் குளிர்ந்து ஊரையே உலுப்பும். அது சொன்ன நேரத்துக்கு முந்தி வந்தது. கோபுரத்தின் மரச் சட்டங்கள் படபடவென்று அடித்தன. வியர்வை முதுகில் குளிர்ந்தது. அடுத்தது துவக்கு வெடித்த சத்தம்போல ஒன்று. ஊன்றுகட்டை முறிந்துவிட்டது. ஞாயிறு அன்று அங்கிள் நிலைதவறி நிறுத்தியதில் மரத்துக்குள்ளே வெடித்திருக்கிறது, வெளியே தெரியவில்லை. இரண்டாவது சத்தம், பட்டி கட்டியிருந்த சில்லின் ஆரை பிளந்தது.

மணி அசையத் தொடங்கியதை என் கன்னத்துக்கு மேலே கண்டேன். என் கை குழிக்குள். உள்ளங்கை ஸ்பானரோடு ஆணிக்கும் விட்டத்துக்கும் இடையில் மாட்டியிருந்தது. கத்தினேன். அந்தக் கத்தலை ஏழு மணிகளும் வாங்கி முனகின.

மணி நின்றது.

தாங்க ஒன்றும் இல்லாத இடத்தில், பாதி சரிந்தபடி, அப்படியே நின்றது. இலேசாக நடுங்கியது. என் கண் கயிற்றில் போனது. சில்லிலிருந்து தரைத் துளைவரை கம்பிபோல விறைத்திருந்தது. கீழே யாரோ முழுப் பாரத்தோடு தொங்கிப் பிடித்துக்கொண்டிருந்தால் மட்டுமே கயிறு அப்படி இருக்கும். நோர்மன் ஓடிவந்து பிடித்துவிட்டார் என்று நினைத்தேன். மனுசன் தெய்வமாக வந்தார் என்றுதான் நினைத்தேன். பிடித்த பிடியில் கயிறு அங்குலம் அங்குலமாக மேலே வழுக்கியது. திரும்ப நின்றது. நான் ஸ்பானரை விட்டுக் கையைத் திருகி உருவினேன். தோல் உரிந்தது. விட்டத்திலிருந்து புரண்டு சுவரோரம் விழுந்தேன்.

அதற்குப் பிறகுதான் கயிறு கீழே இழுபட்டது. மணி வந்த வழியே திரும்பி இறங்கியது. நான் படுத்திருந்த விட்டத்துக்குக் கீழே அதன் வாய் வீசிக்கொண்டு போனது. அடித்தது. அந்த ஓசையில் என் பல்லெல்லாம் கூசியது. திரும்ப வந்து அடித்தது. தறிகெட்டு ஆடவில்லை. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தணிந்து, ஒழுங்காக, பழகிய ஒருவர் இறக்குவதுபோல இறங்கியது. ஓரடி சரியாக விழும். மறு அடி ஒரு சொட்டுத் தயங்கி விழும். காதைப் பொத்திக்கொண்டு கிடந்த எனக்கு அது எப்போது விளங்கியதோ தெரியாது. விளங்கியபோது காதிலிருந்து கைகளை எடுத்துவிட்டேன்.

ஏணியில் நோர்மனின் தலை தெரிந்தது. முகம் சாம்பல். கையில் வளையம். மூச்சு வாங்கியது.

"கீழே யார்?" என்றார்.

"நீங்கள்தானே பிடித்தீர்கள்" என்றேன்.

"நான் வானில் இருந்தேன்."

திறப்பு அவருடைய பையில்தான் இருந்தது. இருவரும் இறங்கிக் கயிற்று அறையைத் திறந்தோம். யாரும் இல்லை. ஆறாம் மணியின் கயிறு மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. கை பிடிக்கும் இடத்தில் சுற்றியிருந்த கம்பளி ஒரு சாண் நீளத்துக்கு வழித்ததுபோலத் தேய்ந்து, அதன் தும்பு கதிரைக்கு முன்னால் நிலத்தில் கிடந்தது. நோர்மன் தன் வேதப்படி ஆணியைத் தேடினார். கயிறு எங்காவது சிக்கியதா, துளையில் கிழிசல் உண்டா, கப்பி இறுகியதா என்று இருட்டும்வரை தேடினார். ஒன்றும் இல்லை. பிறகு என்னைக் கூட்டிக்கொண்டு திரும்பவும் மேலே ஏறினார். மணி அறைக்குள் வைத்து என் கைகளை நீட்டச் சொன்னார். சின்னவிரலில் தொடங்கித் தொட்டார். முடித்துவிட்டுத் திரும்பவும் முதலிலிருந்து தொட்டார். "கட்டை முறிந்தது. அவ்வளவுதான் யாருக்கும் சொல்வோம்" என்றார். சொல்லிவிட்டு அழுதார்.

மணி இறங்கிவிட்ட செய்தியைக் கிரேஸ் அன்ரிக்கு யாராவது சொல்லத்தான் வேண்டும். ஊருக்கே கேட்டிருக்கும், நாளைக்கு எப்படியும் காதில் விழும். நோர்மனால் முடியாது. அடுத்த நாள் காலை நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கார் தரிப்பிடத்தை இரண்டு தரம் சுற்றிவந்த பிறகுதான் காரை நிறுத்தினேன். அன்ரி வாய்விட்டுச் சொல்லாமல் விட்ட அந்த வசனத்தின் முடிவு எனக்குத் தெரியும்.

அன்ரி வார்டு வாசலில் நின்றார். என்னைக் கண்டதும் கையைப் பிடித்து உள்ளே இழுத்தார்.

"கண்ண தொறந்துட்டாரும்மா! நேத்து சாயந்திரம். நர்ஸ் சொல்றாங்க, ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கிக்கிட்டு கட்டில்லயே எதையோ இழுத்தாராம். மூணு பேரு பிடிச்சும் முடியலையாம். ஆனா இத பாரு."

அங்கிளின் உள்ளங்கைகளை விரித்துக் காட்டினார். இரண்டிலும் குறுக்கே சிவந்து தோல் வழன்றிருந்தது. தாதி அதைக் கட்டில் கம்பி உரசல் என்று நினைத்து மருந்து போட்டிருந்தார். மணிக் கோபுரங்களில் இருந்தவர்களுக்கு அந்தக் காயத்தைத் தெரியும். ஊன்றுகட்டை முறிந்த மணியின் கயிற்றை விடாமல் பிடிப்பவர்களுக்கு வருவது அது.

"இது ஞாயிற்றுக்கிழமையே வந்திருக்கும், அன்ரி" என்றேன். 

"இல்லம்மா. நேத்து காலையில நான்தான் இந்தக் கைக்குக் கிரீம் தடவிட்டுக் கோயிலுக்கு வந்தேன். ஒண்ணுமே இல்ல."

அங்கிள் என்னைப் பார்த்தார். என்னை அவர் கோயிலில் இரண்டு மூன்று தடவை கண்டிருப்பார், அவ்வளவுதான். வாய் கோணியிருந்தது, பேச்சு வரவில்லை. கட்டில் விரிப்பில் என் வலது கை இருந்தது. அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். உரிந்த தோலைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சின்னவிரலைத் தொட்டார். அடுத்ததைத் தொட்டார். ஒவ்வொன்றாகப் பெருவிரல்வரை தொட்டு முடித்தார். என் கையை மெல்ல மூடிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

அவர் பிழைத்தார். வீட்டுக்கும் போனார். பேச்சு மட்டும் திரும்பவேயில்லை, அதனால் நான் கேட்கவும் இல்லை. சனிக்கிழமை கோபுரம் பூட்டித்தான் கிடந்தது, அடிக்க வந்தவர்கள் முற்றத்தில் தேநீர் குடித்துவிட்டுப் போனார்கள். அந்தக் கோயிலில் இப்போது ஆறாம் மணியை ஒரு பெண் அடிக்கிறாள், நன்றாக அடிக்கிறாள், தயக்கமில்லாமல்.

அன்று காலை நான் விடைபெறும்போது கிரேஸ் அன்ரி வார்டு வாசல்வரை கூடவே வந்தார். திடீரென்று நினைவு வந்தவர்போல என் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"மணி அப்படியேதானே நிக்குது? யாரும் தொடலையே?"

நான் நிலத்தைப் பார்த்தேன். "இறங்கீட்டுது, அன்ரி."

அவருடைய பிடி இறுகியது. "யாரு இறக்குனது?"

"அங்கிள்தான் இறக்கினவர்."

அவர் என் தோளை விட்டார். பிறகு கண்ணைத் துடைத்தார். வயதானவளின் மனம் நோகாமலிருக்க இந்தப் பிள்ளை ஒரு பொய் சொல்கிறது என்று நினைத்துவிட்டார்போல. "நல்ல பொண்ணும்மா நீ" என்று என் கன்னத்தைத் தட்டிவிட்டு உள்ளே போனார்.